வண்டி வரியும் பெட்ரோல் வரியும்

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டபொழுது, இலக்கியம் எழுதப் புலவர் பெருமக்கள் பலர் இருக்கின்றனர், நமக்குத் தெரிந்தது கணக்கும் ரசீதுமே என்று சொல்லிப் பார்த்தோம். அப்படியானால் வரியைப் பற்றியே எழுதுக என்று கூறிவிட்டனர். நம் காலனிக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் யாவும் முதல் ஆண்டிலேயே கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஊரில் கட்டிய ரோடு டாக்ஸை இங்கேயும் மறுபடி கட்டவேண்டுமா?" என்பதே அது. கட்டவேண்டும் என்பது விடை. அது முறைதானா என்று அறிய வேண்டுமாயின், ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றைப் புரட்டவேண்டியிருக்கிறது. அவ்வரலாற்றில் நாம் குடியிருக்கும் இந்நாகபுரிக்கும் ஓர் இடம் உண்டென்பதைப் பலர் அறியார்.

ரயில்வேயின் பார்சல் ஆபீஸில் பணியாற்றியோர் அனைவரும் அறிந்த நியாயம் ஒன்றை முதலில் கூறிவிடுவோம். மூட்டையைத் தராசில் ஏற்றி நிறுக்கிறோம். அது போய்ச் சேரவேண்டிய ஊரின் தூரத்தைப் பார்க்கிறோம். எடையும் தூரமும் கூடிக் கட்டணம் ஆகிறது. மூட்டைக்குரியவர் எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்று எவரும் கேட்பதில்லை. சாலையின் செலவுக்குப் பணம் வாங்குவதற்கும் இதனினும் நேர்மையான வழி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. சாலை தேய்வதும் எடையாலும் ஓட்டத்தாலுமன்றோ? இனி நாம் கூறப்போகும் வரிகள் ஒவ்வொன்றையும் இந்தத் தராசிலேயே வைத்துப் பார்ப்போம்.

மோட்டார் வருமுன்னர் இருந்தது சுங்கம். பெருவழிகளில் பண்டங்களுக்கு உல்கு வாங்கிய செய்தி சங்க நூல்களிலேயே காணப்படுவது. முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாடு போற்றிற்று என்றால், சுங்கம் எவ்வளவு வெறுக்கப்பட்டிருக்கவேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தின் சாலைகளில் ஸ்தல ஸ்தாபனங்கள் சாவடி அமைத்து வண்டிகளை நிறுத்திக் காசு வாங்கின. திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டியதும் 'நம்பர் ஒன் டோல்கேட்' என்றும், சென்னையில் தண்டையார்ப்பேட்டைப் பக்கம் 'டோல்கேட்' என்றும் பஸ் கண்டக்டர்கள் இன்றும் கூவுவது அச்சாவடிகளின் நினைவே. மாட்டு வண்டி நின்று நின்று போகலாம். மோட்டார் பஸ் பத்து மைலுக்கொரு தரம் நின்றால் யார் அதில் ஏறுவார்? 1931-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் மோட்டார் வண்டி வரிச் சட்டம் இயற்றிச் சாவடிகளை எடுத்துவிட்டு, அவற்றுக்கு மாற்றாக வண்டியின் மேல் வரி விதித்தது. வழியில் பலமுறை கொடுத்ததைக் கச்சேரியில் ஒருமுறை கொடுப்பது என்பதே அதன் கருத்து. வண்டி வரி நம் நாட்டில் ஒரு சலுகையாகவே பிறந்தது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

பெட்ரோல் வரி அதற்கு மூத்தது. அதன் கதையைக் கூறுமுன் சீமையில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லவேண்டும். 1909-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் லாயிட் ஜார்ஜ், மோட்டார் வண்டிக்கும் வரி வைத்தார். பெட்ரோலுக்கும் காலனுக்கு 3 பென்ஸ் வைத்தார். 1921-இல் பெட்ரோல் வரியை நீக்கிவிட்டு, குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் என்று வண்டி வரி மட்டும் வாங்கலாயினர். குதிரைத்திறனைக் கணிக்க அவர்கள் கையாண்ட சூத்திரமோ, எஞ்சின் உருளையின் அகலத்தை மட்டும் பார்ப்பது, உயரத்தைப் பார்ப்பதில்லை. தொழிற்சாலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உருளையை ஒல்லியாகவும் நெட்டையாகவும் செய்யலாயினர். அகன்ற எஞ்சின் கொண்ட அமெரிக்க ஃபோர்டு 'டி' வண்டிக்கு ஆண்டுக்கு 20 பவுனுக்கு மேல் வரி வந்தது. அதை வைத்திருந்தவர் ஞாயிறுதோறும் மாதாகோவிலுக்கு மட்டும் ஓட்டினாலும் அதே தொகைதான். 1928-இல் சர்ச்சில் பெட்ரோலுக்கு மீண்டும் காலனுக்கு 4 பென்ஸ் வரி விதித்தார். குதிரைத்திறன் வரி ஒழிந்து புதிய கார்களுக்கெல்லாம் ஒரே தொகையாக 10 பவுன் என்று வந்தது 1948-இல். ஒரு தலைமுறைக் காலம் ஒரு நாட்டின் எஞ்சின்களை வரிக் குமாஸ்தாவின் சூத்திரம் உருவாக்கிற்று என்றால் மிகையாகாது. குமாஸ்தாவாகிய நாம் இதில் சிறிது பெருமையும் கொள்ளலாம் போலும்!

அமெரிக்காவில் நிலை வேறு. ஓரிகன் மாநிலம் 1919-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காலனுக்கு ஒரு சென்ட் என்று பெட்ரோல் வரி தொடங்கிற்று; பத்தாண்டுக்குள் அந்நாட்டு மாநிலங்கள் யாவும் அதைப் பின்பற்றின. ஓடினவன் கொடுக்கிறான், ஓடாதவன் கொடுப்பதில்லை என்பதால் மக்களுக்கு அது எளிதில் விளங்கிற்று.

இந்தியாவில் 1927-ஆம் ஆண்டு எம். ஆர். ஜயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் கமிட்டி ஒன்று நியமிக்கப்பட்டது. ஜயகர் பம்பாயின் பெரும் வழக்கறிஞர். சாலைச் செலவு மாகாணங்களாலும் ஸ்தல ஸ்தாபனங்களாலும் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகிவிட்டது, சாலை இனி தேசத்தின் பொறுப்பு என்று 1928-இல் அக்கமிட்டி அறிக்கை தந்தது. பணத்துக்கு வழி யாது? மோட்டார்ப் போக்குவரத்தின்மேல் வரி, அதுவும் ஒரே வரியாக இராமல், பெட்ரோல் தீர்வை, வண்டி வரி, வாடகை வண்டிகளின் லைசென்ஸ் கட்டணம் ஆகியவை தம்முள் சமன்செய்து நிற்கவேண்டும் என்றது கமிட்டி. அதன் பயனாக 1929-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெட்ரோல் தீர்வை காலனுக்கு 4 அணாவிலிருந்து 6 அணாவாக உயர்ந்தது. உயர்ந்த 2 அணா மத்திய சாலை நிதி என்ற தனிக் கணக்கிற்குச் சென்றது. அதில் பத்தில் ஒரு பங்கை இந்திய அரசாங்கம் தன்னிடம் வைத்துக்கொண்டு, எஞ்சியதை எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவாயிற்றோ அவ்வளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தது.

பிரித்துக் கொடுத்த இம்முறை நம்மைக் கவர்கிறது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தம் வண்டியை நாகபுரியில் ஓட்டினால், அவர் வாங்கிய பெட்ரோலின் காசு நாகபுரிச் சாலைக்கே வந்துவிடும். அவர் எங்கே பதிவு செய்தார் என்ற கேள்வியே எழாது. நம் போன்ற நாடோடி உத்தியோகஸ்தர்களுக்கென்றே வகுத்த ஏற்பாடு போலன்றோ இருக்கிறது!

அக்காலத்தில் ரயில்வேக்கும் இவ்விஷயத்தில் கவலை இருந்தது. தண்டவாளத்தை ரயில்வே தன் செலவில் போட்டுத் தன் செலவில் காக்கிறது. பஸ்ஸோ பொதுச் சாலையில் ஓடி ரயில்வேயின் பிரயாணிகளை ஏற்றிக்கொள்கிறது. 1932-இல் மிட்செல், கிர்க்னெஸ் என்ற இரு அதிகாரிகள் இப்போட்டியை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, ரயில் சாலைப் பிணக்கு பற்றிய பேச்சுகளுக்கு நெடுநாள் ஆதாரமாயிற்று. அதை விரிப்பின் பெருகும்.

இனி நாகபுரிக்கு வருவோம். 1938-ஆம் ஆண்டில் இந்நகரைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாண, பேரார் அரசாங்கம் ஒரு துணிச்சலான செயல் செய்தது. பெட்ரோல் தீர்வை முழுதும் மத்திய அரசுக்குரியது என்று எல்லோரும் எண்ணியிருக்க, பெட்ரோலையும் மசகு எண்ணெயையும் சில்லறையாக விற்பதன்மேல் நூற்றுக்கு 5 வீதம் வரி என்று சட்டம் இயற்றியது. இது விற்பனை வரியா, அன்றித் தீர்வையே வேறு பெயரில் வந்ததா? தீர்வையானால் மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை. ஓராண்டுக்கு முன்னர்தான் டில்லியில் தொடங்கப்பெற்ற பெடரல் கோர்ட்டின் முன் முதன்முதலாக வந்த விஷயம் இதுவே. தலைமை நீதிபதி ஸர் மாரிஸ் க்வையர், உடன் அமர்ந்தவர் சுலைமான், மூன்றாமவர் யார்? பத்தாண்டுக்கு முன் சாலைக் கமிட்டிக்குத் தலைமை வகித்த அதே ஜயகர்! மூவரும் மாகாணத்தின் பக்கமே தீர்ப்பளித்தனர். உற்பத்தியின்மேல் விழுவது மத்தியத் தீர்வை, விற்பனையின்மேல் விழுவது மாகாண வரி, இரண்டும் ஒரே பொருளின்மேல் அடுத்தடுத்து நிற்கலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே சென்னையில் ராஜாஜி மந்திரிசபை பெட்ரோல் விற்பனைக்கு வரி விதித்தது. பொது விற்பனை வரியும் அதே 1939-இல் வந்தது. இன்று பெட்ரோல் விலையில் மத்திய அரசின் தீர்வையும் மாநிலத்தின் வாட் வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருப்பதற்கும், 2017-இல் வந்த ஜி.எஸ்.டி.க்குள் பெட்ரோலும் டீசலும் இன்றளவும் புகாதிருப்பதற்கும் மூலம் தேடினால், அது நம் நாகபுரியின் அந்த 5 சதவீதத்தில் கொண்டுவிடும்.

1943-ஆம் ஆண்டு டிசம்பரில் தலைமைப் பொறியாளர்கள் இதே நகரில் கூடி, தேசிய நெடுஞ்சாலை, மாகாணச் சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை எனச் சாலைகளை வகைப்படுத்தி 'நாகபுரித் திட்டம்' வகுத்ததை நம் பிள்ளைகள் பாடத்தில் படித்திருக்கலாம். சாலைக்குத் திட்டமும் சாலைக்கான பணத்துக்கு வழக்கும் ஓரூரிலேயே பிறந்தன என்பது வியப்பே.

பெட்ரோல் வரியே போதும், வண்டி வரி எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களோடு நாம் முழுதும் உடன்பட இயலாது. காரணம் இரண்டு. வயலில் நீர் இறைக்கும் டீசல் எஞ்சினும், உழும் டிராக்டரும், கடலில் செல்லும் விசைப்படகும் நெடுஞ்சாலையைத் தேய்ப்பதில்லை. எனினும் எரிபொருள் வரி அவற்றையும் தொட்டுவிடுகிறது. மற்றொன்று எடை பற்றியது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னுமிடத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை இரவு பகலாக ஓட்டிச் சாலை தேய்வதை அளந்தனர். ஓர் அச்சின்மேல் ஏறும் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று கண்டனர். அதே லாரிக்குப் பாரம் இரட்டித்தால் டீசல் 16 மடங்கு செலவாகுமா? இரண்டு மடங்கு கூட ஆகாது. ஆகையால் பெட்ரோல் வரி தூரத்தை நன்கறியும். எடையை அரைகுறையாகவே அறியும். கனரக வண்டிகளுக்கு ஏற்றும் எடைக்குத் தக்கபடி காலாண்டு தோறும் விதித்த பழைய வண்டி வரியோ எடையை அறிந்திருந்தது, தூரத்தை அறியாது. இரண்டும் கூடி நின்றால் பார்சல் ஆபீஸின் நியாயம் ஒருவாறு நிறைவேறும். ஜயகர் கமிட்டி சமன்செய்யச் சொன்னதன் பொருளை நாம் இவ்வாறே கொள்கிறோம்.

சுதந்தரத்துக்குப் பின் வண்டி வரி மாநிலங்களின் உரிமையாக அரசியலமைப்பில் இடம்பெற்றது. அது எல்லை தாண்டுவோரை எவ்வாறு வாட்டும் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் அஜ்மீர்ப் பக்கத்துப் பஸ் முதலாளிகள். அஜ்மீர் அக்காலத்தில் தனி மாநிலம். நசீராபாத்திலிருந்து தேவ்லி செல்லும் பாதை பெரும்பாலும் அஜ்மீருக்குள்ளேயே இருந்தும், இடையில் ராஜஸ்தானத்தின் குறுகலான ஒரு துண்டு நிலத்தைக் கடக்கவேண்டியிருந்தது. அதைக் கடந்ததற்காக 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி ராஜஸ்தானும் வரி கேட்டது. நாடெங்கும் வணிகம் தடையின்றி நடக்கலாம் என்று அரசியலமைப்பு கூறுகிறதே என்று அவர்கள் வழக்காடினர். 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இவ்வரி சாலையைப் பயன்படுத்துவதற்கு ஈடாகத் தரும் தொகை, ஆகவே தடை ஆகாது என்பது காரணம். 2016-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, வரி செல்லுமா என்பதற்கு இந்த ஈட்டுத்தொகைக் கொள்கை அளவுகோல் ஆகாது என்று ஒதுக்கிவிட்டனர். ஆயினும் 2025 ஆகஸ்டில், விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள்ளேயே ஓடிய வண்டிகளுக்குச் சாலை வரி இல்லை என்று அதே கோர்ட்டு கூறியது. பொதுச் சாலையில் ஓடாத வண்டி எதற்கு ஈடு தரவேண்டும் என்பதே அதிலும் அடிப்படை.

பயன்பாட்டுக்கு ஈடு என்றால், பயன்படுத்தாத ஆண்டுகளுக்கு ஈடு எங்கிருந்து வந்தது? 1980-களிலிருந்து மாநிலங்கள் படிப்படியாக 'வாழ்நாள் வரி' வாங்கத் தொடங்கின. ஸ்கூட்டர் வாங்கிய அன்றே பதினைந்தாண்டு வரியையும் விலையில் இத்தனை சதவீதம் என்று சேர்த்துக் கட்டிவிடவேண்டும். காலாண்டுக்கொரு தரம் கியூவில் நிற்கும் தொல்லை ஒழிந்தது உண்மை. அரசுக்கும் கணக்கு எளிதாயிற்று. ஆனால் தராசில் வைத்துப் பாருங்கள். இது தூரத்தை அறியாது, எடையை அறியாது. விலையை மட்டுமே அறியும். ஜயகர் கமிட்டி கூறிய மூன்று வரிகளில் இப்படியொன்று இல்லை. ஓரூரிலேயே பிறந்து ஓரூரிலேயே ஓய்வு பெறுபவருக்கு இதன் குறை தெரியாது. மாற்றல் உத்தரவு வந்தவருக்கே தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, பிற மாநிலத்தில் பதிவான வண்டியை இம்மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவெண் பெறவேண்டும். பெறும்போது எஞ்சிய காலத்துக்கு இங்கும் வரி. பழைய மாநிலத்திலிருந்து மீதித் தொகையைத் திரும்பப் பெறலாம் என்பது ஏட்டில் உண்டு. அதைப் பெற அங்கே எத்தனை முறை போய் நிற்கவேண்டும்? நம் காலனி நண்பர் ஒருவர் தம் ஸ்கூட்டருக்கு வரவேண்டிய சில ஆயிரம் ரூபாய்க்காக லீவு போட்டு இருமுறை ஊர் சென்றார். ரயில் பாஸ் இருந்ததால் பிழைத்தார். மூன்றாம் முறை செல்லுமுன் அடுத்த மாற்றல் வந்துவிட்டது.

பார்சல் ஆபீஸில் ஸ்கூட்டரை அனுப்ப வருவோரிடம், தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு வருமாறு கூறுவது விதி. வரி கட்டிய பெட்ரோலைத் துளி விடாமல் ஊரிலேயே வடித்துவிட்டு, வரி கட்டிய வண்டியை மட்டும் சாக்குச் சுற்றி ஏற்றுகிறார்கள். வடித்த பெட்ரோலின் வரி அந்த ஊரில் எவரோ ஓட்டும் வண்டிக்குப் பயன்பட்டுவிடும். வண்டியோடு வந்த வரி எவருக்குப் பயன்படும்?

இத்தொல்லைக்கு ஓரளவு பரிகாரம் 2021-இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் 'பி.எச்.' என்னும் பாரத் வரிசைப் பதிவெண் வழங்கப்படுகிறது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், ராணுவத்தாரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டினால் போதும். எந்த மாநிலம் சென்றாலும் எண் மாறுவதில்லை. முதலில் புது வண்டிக்கு மட்டும் இருந்தது. 2022 டிசம்பரில் பழைய பதிவையும் மாற்றிக்கொள்ள வழி செய்தனர். ரயில்வே ஊழியராகிய நமக்கு இது நலமே. ஆனால் நம் காலனி வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவருக்கும், கோவில் குருக்களுக்கும், சிறு கம்பெனியில் கணக்கு எழுதும் பிள்ளைக்கும் இச்சலுகை இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் வந்து பிழைப்பது அவர்களும்தானே? அவர்களுக்கும் ஆண்டு வரியாகக் கட்டும் உரிமையாவது தரவேண்டும் என்பது நம் கோரிக்கை.

பாட்டரி வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில் பெட்ரோல் வரியும் நிலைத்து நிற்குமென்று சொல்ல இயலாது. பெட்ரோல் போடாத வண்டியும் சாலையில்தான் ஓடுகிறது. நியூசிலாந்து நாட்டில் 1978 முதல் டீசல் வண்டிகளிடம், வண்டியின் எடையையும் ஓடிய தூரத்தையும் கணக்கிட்டு, 1,000 கிலோமீட்டர் தொகுதிகளாக முன்கூட்டியே சாலைக் கட்டணம் வாங்குகிறார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் பாட்டரிக் கார்களும் அதில் சேர்ந்தன. நம் பார்சல் ஆபீஸின் நியாயம் கடல் கடந்து அங்கே குடியேறியிருக்கிறது.

அதுவரை, புதிதாக மாற்றலாகி வரும் குடும்பங்கள் செய்யத்தக்கது இது. ஊரை விட்டுக் கிளம்புமுன் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கும்போதே, வரியைத் திரும்பப் பெறும் விண்ணப்பப் படிவம், இணைக்கவேண்டிய நகல்கள், கெடு நாள் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாழ்நாள் வரி கட்டிய ரசீதின் மூலப் பிரதியை எவரிடமும் கொடுத்துவிடவேண்டா. இங்கே புதுப் பதிவு ஆனவுடன் அதன் நகலையும் வரி ரசீதின் நகலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். படிவம் நிரப்பத் துணை வேண்டுவோர் ஞாயிறு மாலையில் சங்கப் படிப்பகத்துக்கு வரலாம்.